கரிசலின் மேல் நிற்கும் சுவர்

கோவில்பட்டிப் பக்கத்தில் கட்டிய வீடொன்றை விலைக்கு வாங்க முற்படுகிறவர், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றையும் மூலப்பத்திரத்தையும் வக்கீலிடம் கொடுத்து அட்சரம் அட்சரமாகச் சோதிக்கச் சொல்கிறார். மனையடி சாஸ்திரமும் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஆயுள் முழுவதும் சேர்த்த திரவியத்தை எதன்மேல் வைக்கப்போகிறாரோ, அந்த அஸ்திவாரத்தை மட்டும் எவரிடமும் காட்டாமல் முன்பணம் கொடுத்துவிடுவது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை உண்டு உப்பி, கோடையில் வறண்டு சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல், தன்மேல் நிற்கும் சுவரையும் வருஷந்தோறும் தூக்கி இறக்குவதால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் இங்கே சர்வ சாதாரணம். விற்கிறவர் அடித்த புது வெள்ளை அதை ஒரு பருவத்துக்கு மறைத்துவிடும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைக் கடந்து, சுமார் 3.5 மீட்டர் ஆழத்தில், அடிப்புறம் குமிழாக விரிந்த கான்கிரீட் தூண்களை நாட்டும் முறையை இத்தகைய மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்துப் பல்லாண்டுகள் ஆகின்றன. தாம் வாங்கும் வீடு அவ்வண்ணம் எழுந்ததா, ஆழமில்லாத கல் கட்டுமானத்தின்மேல் நிற்கிறதா என்பதைப் பத்திரம் சொல்லாது. சுவரோரம் குழி வெட்டிப் பார்த்து, கூரைநீரும் குளியலறை நீரும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதையும் விசாரித்து எழுதித் தரும் கட்டடப் பொறியாளரே சொல்லமுடியும். அப்பரிசோதனையைக் கூடுமானவரை வெடிப்புகள் வாய்திறந்திருக்கும் சித்திரை, வைகாசியில் செய்விக்கவேண்டும். அறிக்கை பாதகமாயின் முன்பணம் திரும்பும் என்ற ஷரத்தையும் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும்.