பலாங்கொடைச் சரிவில் ஒரு லான்சர்

கடந்த மாதம் பலாங்கொடைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் நடைபெற்ற உறவினர் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். லயத்திற்குக் கீழே, மாரியம்மன் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் கார் ஒன்று தார்ப்பாயால் மூடப்பட்டு நின்றது. மூடியிருந்தும் பின்புறம் உயர்ந்து நின்ற சிறகு அதனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், நான்காம் தலைமுறை. 1996இல் ஜப்பானில் அறிமுகமானது. இரண்டு லீற்றர் டர்போ எஞ்சின், 280 குதிரைவலு, நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் விசை. இதே வகைக் காரில்தான் பின்லாந்தின் தொம்மி மாக்கினன் 1997இல் உலக ரலிப் பட்டத்தை வென்றார்.

உரிமையாளன் எனக்கு மருமகன் முறையானவன். அவனுடைய தாய் இன்றும் கொழுந்து பறிக்கிறார். தந்தை ஓய்வு பெற்ற தொழிலாளி. கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியில் என் அருகே அமர்ந்த தந்தை, முறையீட்டை அங்கேயே தொடங்கிவிட்டார்.

"கட்டாரில ஆறு வருசம் வேல செஞ்ச காச இதுல கொட்டிட்டான் மச்சான். ஒரு வேன வாங்கி ஸ்கூல் ஹயர் ஓடியிருக்கலாம். நீங்களாவது சொல்லுங்க."

சொல்லத்தான் நினைத்தேன். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதியவனுக்கு அறிவுரை கைவசம் எப்போதும் இருக்கும். பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்ததே 2024 செப்டெம்பரில்தான். அத்தகைய வீட்டில் பந்தயக் கார் எதற்கு என்று கேட்பது சுலபம். கொட்டகைக்குள் போய் இரண்டு மணி நேரம் இருந்த பின்னர் அந்தக் கேள்வியை அதே வடிவில் கேட்க என்னால் முடியவில்லை.

கார் அவனிடம் வந்த கதை இது. 2019இல் இரத்தினபுரியின் மாணிக்கக்கல் வியாபாரி ஒருவர் எஞ்சின் உடைந்த நிலையில் இதை விற்றிருக்கிறார். மலிவாகக் கிடைத்ததற்கு அந்த உடைவுதான் காரணம். அவர் வேகத்துக்கு ஆசைப்பட்டு டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியிருந்தார். ஜப்பானில் விற்கப்படும் உயர்ரகப் பெற்றோலின் ஒக்டேன் அளவு பெரும்பாலும் 100. இந்த எஞ்சின் அதற்கென அமைக்கப்பட்டது. நம் நாட்டு நிலையங்களில் அப்போது கிடைத்தது பெரும்பாலும் 92, மிஞ்சினால் 95. தரம் குறைந்த எரிபொருளில் அழுத்தம் ஏறினால், தீப்பொறி மூட்டிய சுடர் பரவி முடிவதற்குள் மிஞ்சிய கலவை தானாகவே வெடித்துவிடும். உள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். அதைப் பொருட்படுத்தாமல் மிதித்தால் பிஸ்டன் உடையும். வியாபாரிக்கு நேர்ந்ததும் அதுதான்.

ஆகவே என் மருமகன் செய்த முதல் மாற்றம் வலுவைக் குறைத்தது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியைத் திருத்தி, டர்போ அழுத்தத்தை இறக்கி, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளியிருக்கிறான். அழுத்தப்பட்ட காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்கியிருக்கிறான். பிஸ்டன்களைத் தேடிப் பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய உதிரிப்பாகங்களுக்கும் விலை ஏறிவிட்டது. எஞ்சின் ஒருவழியாக உயிர் பெற்றபோது 2022 வந்துவிட்டது. கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்ட காலம். "அந்த 20 லீற்றரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் மாமா வச்சிருந்தேன்" என்றான்.

280 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானிய நிறுவனங்கள் அதற்கு மேல் அறிவிப்பதில்லை என்று தமக்குள் உடன்பட்டிருந்தன. 2004 வரை அந்த வழக்கம் நீடித்தது. காகிதத்தில் 280 என்று எழுதிவிட்டு, எஞ்சினுக்குள் தாராளமாக இடம் விட்டுவைத்தார்கள். உலகெங்கும் இளைஞர்கள் இந்தக் கார்களைத் திருத்தத் தொடங்கியதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம்.

பிறகு அவன் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினான். உள்ளே காரின் பதிவுச் சான்றிதழ். உரிமையாளர் பெயருக்கு நேரே அவன் பெயர். முகவரியில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் மட்டும். கதவிலக்கம் கிடையாது, தெருப்பெயர் கிடையாது.

அந்தத் தாளைப் பார்த்தபோது என் மனம் காரை விட்டு விலகிவிட்டது. இவனுடைய பாட்டனாரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003இல். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பெனிகளின் கைக்கு மாறின. இத்தனை கைமாற்றங்களிலும் நான்கு தலைமுறையாக வாழும் லயக் காம்பராவுக்கு இந்தக் குடும்பத்தின் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணி, உறுதிப் பத்திரம் என்று நானே எத்தனை தலைப்புச் செய்திகள் எழுதியிருப்பேன்! சப்ரகமுவையின் தமிழர்கள் சிறு கூட்டங்களாகச் சிதறி வாழ்பவர்கள். நுவரெலியாவில் வாக்குக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இறக்குவானையும் எட்டியாந்தோட்டையும் தூரம்.

அரசு பதிந்து, முத்திரை குத்தி, "இது உன்னுடையது" என்று இந்தக் குடும்பத்துக்குத் தந்த முதற் சொத்துக் காகிதம் இந்தச் சான்றிதழ். வேன் வாங்கியிருந்தாலும் இதே காகிதம் கிடைத்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கிடைத்திருக்கும். ஆனால் தோட்டத்துப் பிள்ளை எதை வாங்கினாலும் அது உழைத்துக் கொடுக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்குள்ளும் இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கொழும்பில் ஒரு செல்வந்தர் மகன் இதே காரை வைத்திருந்தால் பொழுதுபோக்கு என்போம். 1934இல் நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் தொடங்கியபோது தேயிலைத் தோட்டப் பாதையில் கார் ஓட்டிய துரைமாரை நோக்கி, இந்தப் பணத்தில் வேறென்ன வாங்கியிருக்கலாம் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இருந்தாலும் என் ஆதரவு நிபந்தனையுடன்தான். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடம் விலகிப் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. பெரகலைச் சந்தி வழியாகப் பலாங்கொடையிலிருந்து அங்கே போவது பெரிய பயணமல்ல. இவனும் போயிருந்திருக்கிறான். அதைப் பற்றிக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டான், நானும் தொடரவில்லை.

வேகத்தைக் கூட்டுபவன் நிறுத்தும் வலுவை முதலில் கூட்டவேண்டும். ஹல்துமுல்லையிலிருந்து பெலிஹுல்ஓயாவுக்கு இறங்கும் பாதையில் விடாமல் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால், பிரேக் எண்ணெய் கொதித்து மிதி காலடியில் இளகிவிடும். 1998இல் வந்த ஐந்தாம் தலைமுறை எவலூஷனில் பிரெம்போ பிரேக்குகள் பொருத்தப்பட்டன. அவற்றை நான்காம் தலைமுறைக் காரில் இணைக்கலாம், ஆனால் 16 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 17 அங்குலம் போடவேண்டும். சக்கரம் மாறினால் டயரும் மாறும். "நல்ல டயர் ஒன்னோட விலை அம்மாவோட ஒரு மாசச் சம்பளம் மாமா" என்றான் அவன்.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்ற பெயரில் பொலிசார் வாகனங்களின் கூடுதல் பொருத்துகளைக் கழற்றச் சொன்னது வாசகர்களுக்கு நினைவிருக்கும். காதைப் பிளக்கும் சைலன்சரைக் கழற்றச் சொன்னால் நான் பொலிசாரின் பக்கம்தான். லயத்தில் சுவருக்கு மறுபுறம் கைக்குழந்தை தூங்கும். ஆனால் வெளியே தெரியும் சிறகையும் விளக்கையும் பார்த்துத் தண்டிப்பவர்கள், மொட்டையான டயருடன் பயணிகளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை அதே கண்ணால் பார்க்கவேண்டும். இவன் தன் காரின் சைலன்சரைப் பழையபடியே விட்டிருக்கிறான். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையிலும் தேறியிருக்கிறான்.

இன்னொரு குறையும் உண்டு. டர்போவையும் கணினியையும் இவ்வளவு அறிந்தவன் கையில் தொழிற்சான்றிதழ் எதுவும் இல்லை. தமிழில் பயிலக்கூடிய வகுப்பு தனக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கவில்லை என்கிறான். அருகிலுள்ள நகரத்து கராஜ் ஒன்றில் சிக்கலான எஞ்சின்கள் இவன் கைக்கு வருகின்றன, பற்றுச்சீட்டில் வேறொருவர் கையெழுத்திடுகிறார்.

புறப்படும்போது தந்தை என்னைப் பார்த்தார். "பிரேக் போட்டு முடியட்டும், பிறகு பேசுவோம்" என்றேன். மகன் சிரித்தான். பிரெம்போ ஒரு சோடி கொழும்பில் பார்த்து வைத்திருக்கிறானாம், முற்பணமும் கட்டிவிட்டானாம். பூட்டி முடிந்ததும் பெலிஹுல்ஓயா வரை என்னை ஏற்றிச் செல்வதாகச் சொல்லியிருக்கிறான். பின்னிருக்கையில் தந்தையும் வருவாரா என்று கேட்டேன்.

"மெதுவா ஓட்டுனா வாரேன்" என்றார்.