கணக்குக்கு வேலி போடலாமா?

நம் சங்கக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் துறையில் ஒரு பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீடு இன்று அபூர்வம். அவர்களில் சிலர் ஆபீஸ் வேலை முடிந்த பிறகும் இரவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்; சம்பளத்துக்காக அல்ல. யாரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று ஊருக்குப் பொதுவாக விடப்படும் கட்டற்ற மென்பொருள் அது. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இவ்வழியில் வளர்ந்தவையே. இந்த இளைஞர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மென்பொருளுக்குப் பேட்டன்ட் கொடுப்பதை எதிர்த்து நீங்கள் வாய் திறந்து பேச வேண்டும்.

பேட்டன்ட் வேறு, பதிப்புரிமை வேறு. ஒருவர் கோலப் புத்தகம் போடுகிறார். அதிலுள்ள கோலங்களை அப்படியே அச்சடித்து விற்காதே என்று அவர் சொன்னால் அது பதிப்புரிமை, நியாயந்தான். “புள்ளி வைத்து அதைச் சுற்றி இழை போடும் முறையே எனக்குச் சொந்தம், இருபது வருஷத்துக்கு யாரும் என் அனுமதியின்றி வாசலில் கோலம் போடக்கூடாது” என்றால்? அதுதான் பேட்டன்ட். மென்பொருள் என்பது அடிப்படையில் கணக்கு. கணக்குப் போடும் வழிக்கு வேலி கட்டினால் பிறகு வருகிறவன் எப்படிக் கணக்குப் போடுவான்?

ரயில்வேயில் காலம் கழித்தவனாதலால் எனக்கு நீராவி இன்ஜினின் கதை நினைவுக்கு வருகிறது. மேலும் கீழும் போய்வரும் அசைவைச் சுழற்சியாக மாற்ற எளிய வழி கிராங்க். அதை நீராவி இன்ஜினில் பயன்படுத்த 1780-லேயே ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் பேட்டன்ட் வாங்கிவிட்டார். ஆகவே ஜேம்ஸ் வாட், ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி இன்னொரு பல்சக்கரம் ஓடும் சிக்கலான அமைப்பை 1781-ல் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதே வாட், தம் பேட்டன்டை 1775-ல் பார்லிமெண்ட் சட்டத்தின் மூலம் 1800 வரை நீட்டித்துக்கொண்டு மற்றவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார் என்பதும் சரித்திரம். ஒரு கிராங்குக்கே இந்தப் பாடு என்றால், நூற்றுக்கணக்கான யோசனைகளைக் கோத்துச் செய்யும் மென்பொருளின் கதி என்ன?

அதையும் பார்த்துவிட்டோம். கம்ப்யூட்டர் படங்களுக்கான ஜிஃப் முறைக்குள் இருந்த ஒரு சுருக்கும் கணக்குக்கு யூனிசிஸ் நிறுவனம் பேட்டன்ட் வைத்திருந்தது. உலகமே அந்த முறைக்குப் பழகிய பின், 1994 டிசம்பரில் லைசென்ஸ் கட்டணம் என்ற பேச்சு வந்தது. மென்பொருள் எழுதுவோர் சோர்ந்துவிடவில்லை. வேலிக்கு வெளியே பி.என்.ஜி. என்ற புது முறையையே உருவாக்கினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் மாற்று வழி கிடைக்காது. எம்.பி.3 பாட்டுகளை இசைக்கும் பகுதியை, பேட்டன்டுக்கு அஞ்சி ரெட் ஹாட் நிறுவனம் 2002-ல் தன் லினக்ஸிலிருந்து நீக்கியதே!

“உழைத்துக் கண்டுபிடித்தவனுக்குப் பலன் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். எழுதிய மென்பொருளைப் பதிப்புரிமை காக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேட்டன்டுகளைப் பண்டமாற்றுச் செய்து சமாதானமாகிவிடும். பிரதி ஒன்றுக்கு இவ்வளவு என்று ராயல்டி கேட்டால், இலவசமாகக் கொடுப்பவன் எதிலிருந்து எடுத்துக் கட்டுவான்? வக்கீல் வைக்கவும் அவனிடம் பணமில்லை.

எதிர்த்தால் பலன் உண்டா? உண்டு. மென்பொருள் பேட்டன்டுக்கு வழிவிடும் சட்ட வரைவை ஐரோப்பியக் கமிஷன் 2002-ல் கொண்டுவந்தது. 2003 ஆகஸ்டில் மென்பொருள் எழுதுவோர் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிக் குரல் கொடுத்தார்கள். பலர் தங்கள் இணையதளங்களை மூடிக் கடையடைப்பே செய்தார்கள். 2004 டிசம்பரில், விவசாய, மீன்வள அமைச்சர்கள் கூட்டத்தில் விவாதமின்றி அதை நிறைவேற்றப் பார்த்தபோது போலந்து நாடு தடுத்து நிறுத்தியது. 2005 ஜூலை 6 அன்று ஐரோப்பியப் பாராளுமன்றம் 648 வாக்குகளுக்கு 14 என்று அதைத் தள்ளுபடி செய்தது. அங்குள்ள பேட்டன்ட் அலுவலகம் வேறு வாசல் வழியே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்றாலும், சட்டம் வரவில்லை.

நம் நாட்டிலும் அப்படியே. கணித முறை, வியாபார முறை, கம்ப்யூட்டர் புரோகிராம் என்ற அளவில் நிற்பது, அல்கோரிதம் ஆகியவற்றுக்குப் பேட்டன்ட் இல்லை என்கிறது நம் சட்டத்தின் 3(கே) பிரிவு. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் இதில் ஓட்டை போடப் பார்த்தது; 2005-ல் பாராளுமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. 2015 ஆகஸ்டில் பேட்டன்ட் அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டி விதிகள் எதிர்ப்பின் காரணமாக டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டன. 2016 பிப்ரவரியில், புதுமையான வன்பொருளும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு புது விதிகள் வந்தன. 2017-ல் அந்த நிபந்தனை சத்தமில்லாமல் போய்விட்டது. நாம் அசந்தால் வேலி ஒரு முழம் முன்னால் வந்துவிடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே இளைஞர்களே! வரைவு விதிகள் வெளியாகி அபிப்பிராயம் கேட்கப்படும்போது எழுதுங்கள். ஒரு விண்ணப்பம் பிரசுரமானபின், பேட்டன்ட் வழங்கப்படுமுன், எவர் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்க 25-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. “இது பழைய சங்கதி, முன்பே எழுதப்பட்டது” என்று ஆதாரத்தோடு காட்ட உங்களைவிடத் தகுதியானவர் யார்? தனியாகச் செய்ய முடியாவிட்டால் சேர்ந்து செய்யுங்கள். தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதுவதில் எங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்களும் கை கொடுப்போம். எங்களுக்கு நேரமும் இருக்கிறது, பெட்டிஷன் எழுதிய அனுபவமும் இருக்கிறது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அம்மி எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை, அடிக்கிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.