சாராய ஆலைக்குள் வெறும் பஜ்ஜிக் கடையா?

முத்தியால்பேட்டைக்காரர்கள் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனால், வடகோடியில் பழைய சாராய ஆலை வளாகத்தைப் பார்க்கலாம். ஆலை அரியப்பாளையத்துக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று. புத்தாண்டு ராத்திரியில் வண்டி நிறுத்தத்தான் அது உதவியது. பிறகு 'ஸ்மார்ட் சிட்டி'யில் சேர்த்து, சுற்றுலா இடமாக்கத் திட்டம் போட்டார்கள். பேஷ்! ஆனால் நாலு தீனிக் கடை போட்டால் போதுமா?

டப்ளின் நகரில் கின்னஸ் கம்பெனி என்ன செய்தது? 1904 முதல் பீர் புளிக்க வைத்த கட்டடத்தை 2000-ல் ஜனங்களுக்குத் திறந்தது. பார்லி எப்படிப் பீர் ஆகிறது என்று மாடிக்கு மாடி காட்டுகிறார்கள். டிக்கெட் வாங்கிக் கூட்டம் போகிறது.

நம்மிடம் கதை இல்லையா? சாராயம் வடித்தது எப்படி, உழைத்தவர்கள் யார், கடை ஏலத்தில் சர்க்கார் பெட்டியில் விழும் காசு எவ்வளவு, குடித்தவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா — எல்லாவற்றையும் எழுதி மாட்டுங்கள். வேலை பார்த்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய அண்டா ஏதும் மிச்சமிருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், சாமி!