உத்தி பிரித்தலே உத்தமம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உடற்பயிற்சி வகுப்பில் இரு தலைவர்களை நிறுத்தி, மாற்றி மாற்றி ஆள் பொறுக்கச் சொல்லும் வழக்கத்தால், மெலிந்த பிள்ளைகள் கடைசிவரை விலைபோகாத சரக்காக நிற்க நேர்வது பரிதாபத்துக்குரியது. நம் கிராமத்துச் சடுகுடுவிலோ, சமபலமுள்ள இருவர் ஜோடி சேர்ந்து அப்பால் சென்று, சூரியன், சந்திரன் என்று இரகசியப் பெயர் சூடி வந்து நிற்க, ஆள் யாரென்றறியாத தலைவர் பெயரை மட்டும் கேட்டுத் தேர்ந்துகொள்வதால், பக்ஷபாதத்துக்கு இடமேயில்லை. ஜோடி சரிசமமாக அமையாவிடில் கலகந்தான். ஜோடிப் பொருத்தத்தை உடற்பயிற்சி ஆசிரியர் கவனித்துக்கொள்ளலாம். ஒற்றையாய் மிஞ்சுகிறவனை ‘ஒப்புக்குச் சப்பாணி’ ஆக்காமல், ஆட்டத்துக்கு ஆட்டம் கட்சி மாற்றி ஆடவிடுவது நலம். உத்தி பிரித்தல் எனும் இம்முறையைக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரியார், வருங்கால ஆசிரியர்களுக்குப் பயிற்றுவிக்க வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
காரைக்குடி.