எழுத்தா, படமா?

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் விடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், வீட்டிலிருந்தே சிறு தொழில் நடத்தும் அம்மையார் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு வினா எழுப்பினார். "இணையத்தில் விளம்பரம் செய்வதற்கென்று 5,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எழுத்து விளம்பரம் கொடுப்பதா, பட விளம்பரம் கொடுப்பதா?" என்று கேட்டார்.

நாம் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, கல்யாணில் புகைவண்டி நிலைய எழுத்தராகப் பணிபுரிபவர். விளம்பரக் கலையைக் கற்றறிந்தோம் அல்லோம். ஆயினும் அந்த வினாவுக்கு விடை தேடிக் கைப்பொருளை இழந்த அனுபவம் நமக்கு உண்டு. அதைச் சொல்வது பிறருக்குப் பயன்படலாம் என்று கருதி எழுதுகிறோம்.

நம் தமக்கையார் கணவரை இழந்தபின் இரு பிள்ளைகளுடன் நம் இல்லம் வந்து சேர்ந்தார். வந்த மறு மாதமே, "தம்பி, உன் சம்பளத்தில் எத்தனை வயிறுகள் நிறையும்? எனக்குச் சமையல் தெரியும், நாலு பேருக்குச் சோறு பொங்கிப் போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன்" என்றார். ஊரை விட்டு வந்து தனியே அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சாப்பாடு அனுப்புவது என்று முடிவாயிற்று. விளம்பரச் செலவுக்காகத் தம் வளையல் ஒன்றை அடகு வைத்து 4,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார்.

தலைவாழை இலையில் சோறும் சாம்பாரும் பொரியலும் அப்பளமுமாக அழகிய படம் ஒன்று எடுத்து, அதையே விளம்பரமாகக் கொடுத்தோம். பன்னிரண்டே நாளில் பணம் கரைந்தது. பல்லாயிரம் பேர் கண்டதாகவும், 1,000-க்கு மேற்பட்டோர் தொட்டதாகவும் கணக்குக் காட்டிற்று. சாப்பாடு வேண்டுமென்று கேட்டவர் ஒருவருமில்லை. கணக்கை விரித்துப் பார்த்தபின்னரே உண்மை புலனாயிற்று. படம் பெரும்பாலும் குழந்தைகள் கைபேசியில் ஆடும் விளையாட்டுகளின் நடுவே தோன்றியிருக்கிறது. பந்தைத் தட்டப் போன விரல் நம் இலைச் சாப்பாட்டைத் தட்டியிருக்கிறது! தமக்கையார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் நமக்கு இன்றும் மறக்கவில்லை.

விடை நமக்குக் கிடைத்தது நாம் வேலை பார்க்கும் நிலையத்திலேதான். விசாரணைச் சாளரத்துக்கு வருபவர், "சென்னை வண்டி எத்தனை மணிக்கு? எந்த மேடை?" என்று கேட்கிறார். அவருக்கு வேண்டியவை இரண்டே சொற்கள். ரயிலின் படத்தை எடுத்து நீட்டினால் சினம் கொள்வார். அதே மனிதர் மேடைக்குச் சென்று, வண்டி தாமதமாகி, விசிப்பலகையில் அமர்ந்திருக்கிறார். எதிரே ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையின் படம். அதுவரை தேநீரை நினையாதவர் எழுந்து கடைக்குப் போகிறார். தேடி வருகிறவனுக்கு எழுத்து, தேடாதவனுக்குப் படம். நாள்தோறும் கண்ணெதிரே நடப்பதை நாம் கவனித்தோமில்லை.

இணையத்தின் வரலாறும் இதையே கூறுகிறது. 1994-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் 'ஹாட்வயர்டு' என்னும் இணைய இதழில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வெளியாயிற்று. புதுமை கருதி அன்று கண்டவர்களில் பலர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள் என்பர். இன்றோ பட விளம்பரத்தைக் காண்போரில் நூற்றுக்கு ஒருவர் தொடுவதே அரிது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கூகிள் நிறுவனம் படமே இல்லாத எழுத்து விளம்பரங்களை 350 விளம்பரதாரர்களுடன் தொடங்கிற்று. ஒருவர் எதைத் தேடுகிறாரோ அதற்கேற்ற விளம்பரத்தைத் தேடல் விடைகளின் அருகே காட்டுவதே அதன் சூட்சுமம். 2018-ஆம் ஆண்டு அந்த ஏற்பாட்டில் தமிழுக்கும் இடம் கிடைத்தது.

எழுத்து விளம்பரத்தில் தலைப்பு ஒன்றுக்கு 30 எழுத்துக் குறிகளும், விளக்கத்துக்கு 90 குறிகளுமே எல்லை. தந்தி எழுதுவதுபோல் எண்ணி எழுதல் வேண்டும். எவர் விளம்பரம் முன்னே நிற்பது என்பது ஒவ்வொரு தேடலின்போதும் ஏலத்தால் முடிவாகிறது. எனினும் பணம் மிகுதியாகச் சொன்னவரே வெல்வார் என்பதில்லை. தேடியவரின் தேவைக்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது என்பதும் எடைபோடப்படுகிறது. சிறு முதலீட்டார்க்கு இது ஓர் ஆறுதல்.

அடுத்த முறை 1,500 ரூபாய் மட்டும் ஒதுக்கி எழுத்து விளம்பரம் கொடுத்தோம். ஒரு தொடுதலுக்கான விலை படத்தைவிடப் பன்மடங்காயிருந்தது கண்டு முதலில் அஞ்சினோம். முதல் வாரம் வந்த அழைப்புகளோ வேறு வகை: சிலர் சமையல் வேலை கேட்டார்கள், ஒருவர் சாம்பார் செய்முறை கேட்டார். 'வேலை', 'செய்முறை' ஆகிய சொற்களோடு தேடுவோர்க்கு விளம்பரத்தைக் காட்ட வேண்டாம் என்று விலக்கி வைக்க வழியுண்டு, அதைச் செய்தோம். நம் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் மட்டுமே காட்டுமாறு எல்லை கட்டினோம். நம் பிள்ளைகள் எல்லாரும் 'சாப்பாடு' என்றே தேடுவதில்லை. 'டிபன்' என்றும் 'டப்பா' என்றும் இவ்வூர் வழக்கிலும் தேடுகிறார்கள். அச்சொற்களையும் சேர்த்தோம். இரண்டாம் மாத முடிவில் 11 பேர் நிலையாகச் சாப்பாடு வாங்கலாயினர்.

அப்படியானால் படம் வீண்தானோ? இல்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னர் தமக்கையார் முறுக்கும் அதிரசமும் செய்ய விரும்பினார். அதிரசம் வேண்டுமென்று இங்கே தேடுவோர் மிகச் சிலர். ஆனால் அதைக் கண்டால் ஊர் நினைவு வராத தமிழர் உளரோ? முகநூலில், நம் சுற்றுவட்டாரத்தார்க்கு மட்டும், தமக்கையார் கையால் சுட்ட அதிரசத்தின் படத்தைக் காட்டினோம். அண்டை வீட்டு மராட்டியரும் கேட்டு வாங்கினர். இங்கே எழுத்து தோற்றிருக்கும், படம் வென்றது. ஒரே அடுப்பு, ஒரே கை. சரக்குக்கு ஏற்ப விளம்பரம் மாறிற்று.

ஆகவே, வினவிய அம்மையார்க்கும் அவர்போன்ற பிறர்க்கும் நாம் சொல்வது இது. உங்கள் பொருளைப் பெயர் சொல்லித் தேடுவோர் உளரா என்று முதலில் பாருங்கள். தையல், தனிப்பயிற்சி, குழாய் பழுது பார்த்தல், தினச் சாப்பாடு போன்றவற்றைத் தேவைப்பட்டவர் தேடியே வருவர். அவற்றுக்கு எழுத்தே தக்கது. கோலப் பலகை, கைவேலைப் பை, பண்டிகைப் பலகாரம் போன்றவை கண்டபின்னரே ஆசை எழுப்புவன; அவற்றுக்குப் படம் தக்கது. படம் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும். பிறர் படத்தை எடுத்தாள்வது குற்றம், வாங்குவோர்க்கு ஏமாற்றமும்கூட. கையிலுள்ள பணத்தை ஒருசேரக் கொட்டாமல் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டு சோதித்துப் பாருங்கள். எத்தனை பேர் கண்டார்கள், எத்தனை பேர் தொட்டார்கள் என்ற கணக்கில் மயங்காதீர்கள். எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

அடகு வைத்த வளையல் பொங்கலுக்குத்தான் வட்டியோடு மீண்டது. அதை அணிந்துகொண்டு தமக்கையார், "அடுத்த தடவை முதலில் என்னைக் கேள், தம்பி. யார் பசியோடு வருகிறார்கள், யாருக்குக் காட்டிப் பசி மூட்ட வேண்டும் என்று சமைக்கிறவளுக்குத் தெரியாதா?" என்றார். நாம் மறுமொழி கூறவில்லை.