மலை உச்சி வரை பூட்டு வேண்டும்!



"முகவரியில எச்.டி.டி.பி.எஸ். இருக்கா? அப்ப பயமே இல்லப்பா!" என்று நம்மில் பலர் சொல்கிறோம். அந்தப் பாதுகாப்பு எதுவரை என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

பெரிய தளங்களில் நாம் நேராக வெப் சர்வரிடம் பேசுவதில்லை. முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸி என்றொரு வாயிற்காவலர் நிற்கிறார். நாம் சங்கேதமாக அனுப்பியதை அவர் பிரித்து, உள்ளே இருக்கும் சர்வருக்கு அனுப்புகிறார். பிரித்ததை மீண்டும் மூடாமல் அனுப்பினால்? நாமக்கல்லில் பூட்டிய பெட்டியைக் காரவள்ளி அடிவாரத்தில் திறந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளும் திறந்தபடியே ஆலத்தூர் நாட்டுக்கு ஏற்றி வருவது போலத்தான்! "இனிமே நம்ம மலைதானே" என்ற நினைப்பு.

அந்த நினைப்பு கூகுளையே ஏமாற்றியது. எட்வர்ட் ஸ்நோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களை வைத்து, 2013 அக்டோபர் 30 அன்று வாஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தி வெளியிட்டது. கூகுள், யாகூ நிறுவனங்களின் டேட்டா சென்டர்களுக்கு இடையிலான இணைப்புகளை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் ஒட்டுக் கேட்டன என்பதே அது. சங்கேதம் கூகுளின் முன்வாசல் சர்வரிலேயே நீங்கிவிடுகிறது என்று ஒரு படம் வரைந்து, பக்கத்தில் சிரிப்பு முகமும் போட்டிருந்தார்கள்! அந்த உள்வழியையும் சங்கேதமாக்கும் வேலையை கூகுள் முடுக்கிவிட்டது. யாகூ 2014 மார்ச் 31-க்குள் முடித்தது.

நாம் செய்ய வேண்டியது என்ன? என்ஜின்-எக்ஸில் 'பிராக்ஸி பாஸ்' வரியில் பின்னால் உள்ள சர்வரின் முகவரியை எச்.டி.டி.பி.எஸ். என்று கொடுத்தால் பெட்டி பூட்டப்படும். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. பெட்டியை வாங்குகிறவர் யார் என்று அது தானாகப் பார்க்காது, 'பிராக்ஸி எஸ்.எஸ்.எல். வெரிஃபை' என்பது நாம் எழுதும் வரை 'ஆஃப்'தான். அதை 'ஆன்' செய்து, நம்பத்தக்க சான்றிதழ் கோப்பையும் காட்ட வேண்டும். ஒரே சர்வரில் பல தளங்கள் இருந்தால் 'பிராக்ஸி எஸ்.எஸ்.எல். சர்வர் நேம்' வரியையும் 'ஆன்' செய்ய வேண்டும். ஆள் தெரியாமல் கொடுத்த பூட்டிய பெட்டியால் என்ன பயன்?

"கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிடும், சான்றிதழுக்குச் செலவாகும்" என்பார்கள். இன்றைய பிராசசர்களில் சங்கேத வேலைக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. உள் சர்வர்களுக்கான சான்றிதழை ஓப்பன் எஸ்.எஸ்.எல். கொண்டு நாமே காசில்லாமல் உருவாக்கலாம். காலாவதியாகும் முன் புதுப்பிக்கிற பொறுப்புதான் வேண்டும்.

மலையிலிருந்து படிக்க வரும் மாணவன் உதவித்தொகைக்காகத் தன் சாதிச் சான்றிதழையும் வங்கிக் கணக்கு எண்ணையும் இணையத்தில் கொடுக்கிறான். அவனுக்குத் தெரிவது முன்வாசல் மட்டுமே. உள்ளே நடப்பதற்கு, நாளை அந்த சர்வர்களை அமைக்கப் போகும் நாம்தான் பொறுப்பு. "லேப் புராஜெக்ட் தானே, வெரிஃபை எதுக்கு?" என்ற பழக்கத்தை இங்கேயே விடுவோம்.

கடைசி வளைவு வரை பூட்டுவோம்! வாங்குபவரைச் சரிபார்ப்போம்!