வாடகைக்கு ஒரு வீடு



பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் மலையூர்க் குடும்பங்களில் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் நுழைகிறது. பாச்சலூரில் காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவற்றைப் பயிரிட்டு வாழ்வோர், பிள்ளைகளின் மேற்படிப்பை முன்னிட்டு, வடகாட்டு மலைப்பாதை வழியே ஒட்டன்சத்திரத்திற்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கி வருகின்றனர். கல்லூரியில் இடம் கிடைத்துவிடுகிறது; குடியிருக்க இடம் கிடைப்பதோ அரிதாகிறது. "எந்த ஊர்? என்ன தொழில்?" என்று தொடங்கும் விசாரணை, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்பதில் வந்து நிற்கிறது. விடை பிடிக்காவிடில், காலியாகக் கிடக்கும் வீடு திடீரென்று 'உறவினருக்குப் பேசிவைத்த' வீடாகிவிடுகிறது!

புனித பவுல் உரோமை நகரில் இரண்டாண்டுகள் வாடகை வீட்டில் வாழ்ந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி அதிகாரம் கூறுகிறது. அவர் அந்நகருக்குப் புதியவர்; அதனினும் மேலாக, படைவீரனின் காவலில் இருந்த கைதி. அவருக்கு வீடு கொடுத்தவர் யார்? திருநூல் அவர் பெயரைக் குறிக்கவில்லை. ஆயினும் அந்தக் கூரையின் கீழன்றோ நற்செய்தி தடையின்றி முழங்கிற்று! குலம் கேட்டுக் கதவடைக்கும் கிறிஸ்தவ வீட்டுக்காரர், பெத்லகேமில் இடமில்லை என்றவரின் வரிசையில் நிற்கிறார் என்பதை மறக்கலாகாது.

வாடகைக்கு வருவோரும் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது. கொடுத்த வாடகைக்கு இரசீது பெறுவது குடியிருப்பவரின் உரிமை. பிணக்கு நேர்ந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்க வீட்டுக்காரருக்கு உரிமையில்லை.

நம் பகுதியில் 'ஒத்தி' முறையும் உண்டு. பெருந்தொகையொன்றை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை; வீட்டைக் காலி செய்யும்போது தொகை திரும்பக் கிடைக்கும். மிளகு விற்ற பணம் கையிலிருக்கும் குடும்பத்திற்கு இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் தொகை வாங்குபவர் உண்மையிலேயே உரிமையாளர்தாமா? அவ்வீட்டின்மீது வேறு கடன் உண்டா? வீட்டுப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்காமல், பதிவு செய்த ஒத்திப் பத்திரம் இல்லாமல், வாய்ச்சொல்லை நம்பிப் பல ஆண்டு உழைப்பை ஒப்படைத்தல் அறிவுடைமையாகாது. எழுத்துக் கேட்பது அவநம்பிக்கையன்று. இருதரப்பு நட்புக்கும் அதுவே வேலி.

உரிமைக்கு இணையாகக் கடமையும் உண்டு. குறித்த நாளில் வாடகை செலுத்துதல், பிறர் வீட்டைத் தம் வீடுபோல் பேணுதல், அயலாரின் அமைதியைக் கெடுக்காதிருத்தல் ஆகியவை குடியிருப்போர் காக்க வேண்டிய நீதி.

இறுதியாக, பங்குச் சமூகங்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக ஊருக்கு வரும் குடும்பத்திற்கு வீடு தேடிக் கொடுப்பதையும், அறிமுகம் இல்லாதவருக்காக ஒரு சொல் சொல்வதையும் நம் இளைஞர்களும் அன்பியங்களும் தம் பணியாக ஏற்கலாகாதா? எகிப்தில் அந்நியராய் இருந்ததை நினைவில் வைத்து அந்நியரை ஒடுக்காதிருங்கள் என்றே மோசே வழியாக ஆண்டவர் கட்டளையிட்டார். நம் முன்னோரும் எங்கிருந்தோ வந்து, எவரோ ஒருவர் திறந்த கதவின் வழியாகவே இவ்வூரில் நுழைந்தனர். அக்கதவை நாமும் திறந்து வைப்போமாக!